ஊர்ப்பெயர் கிடைத்த பிறகு அயர்லாந்து

அயர்லாந்தில் வேர் தேடும் சென்னைக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு விமான டிக்கெட் எடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய காகிதங்களில் முக்கியமானவை அயர்லாந்தில் இல்லை. சென்னையில் இருக்கின்றன, லண்டனில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து முடிக்காமல் டப்ளினில் போய் இறங்கினால், நல்ல ஊரைச் சுற்றிப் பார்த்த திருப்தி கிடைக்கும். தாத்தாவின் ஊர் கிடைக்காது.

நான் இருப்பது சென்னீர்குப்பத்தில். குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் வேலை. ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று இந்தப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இருப்பார்கள். பெரியவர்கள் இங்கே ஒரு பழைய பைபிள், சில போட்டோக்கள், ரயில்வே சர்வீஸ் புத்தகம் ஒன்று, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு கதை இவற்றோடு வந்து உட்காருவார்கள். கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: 'நாங்கள் ஐரிஷ். எங்கள் முன்னோர் ராணுவத்தில் வந்தவர்.'

அந்தக் கதையை நான் அலட்சியமாகக் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் அது மெய்யாக இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பூந்தமல்லி பல காலம் ஆங்கிலேயப் படையின் இடம். கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களைத் தங்கவைக்கும் டிப்போவாகவும், நோயில் விழுந்தவர்கள் தேறும் இடமாகவும் அது இருந்தது. இன்றைக்கும் பூந்தமல்லியில் முகவரி சொல்லும்போது கன்டோன்மென்ட் என்ற பெயர் வருகிறது. அந்தச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள் மிக அதிகம். 1825-க்கும் 1850-க்கும் இடையே கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்கு எடுக்கப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். சென்னைப் படையிலும் அவர்கள் பெருங்கூட்டம். நிலமில்லை, வேலையில்லை, குத்தகை கட்ட வழியில்லை. கம்பெனி டப்ளினிலும் கார்க்கிலும் ஆள் எடுத்தது. 18, 19 வயதுப் பையன்கள் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள்.

சிப்பாய்கள் மட்டுமல்ல. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய அயர் கூட், லிமெரிக் கவுன்டியில் பிறந்தவர். எதிரில் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தை கால்வே கவுன்டியிலிருந்து பிரான்சுக்குப் போன ஐரிஷ்காரர். தென்னிந்தியா யாருக்கு என்பதைத் தீர்மானித்த சண்டையில் இரண்டு பக்கமும் அயர்லாந்து இருந்தது. 1781-ல் சென்னையின் கவர்னராக வந்த மெக்கார்ட்னி, ஆன்ட்ரிம் கவுன்டிக்காரர். ஆனால் தளபதிக்கும் கவர்னருக்கும் வம்சாவளி எழுத ஆள் உண்டு. என்னிடம் வருகிறவர்களின் முன்னோர் சாதாரணச் சிப்பாய்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை.

ஊர்ப்பெயர் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. சென்னீர்குப்பத்துக்காரர் ஒருவர் மதுரைக்குப் போகிறார் என்று வையுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் பூந்தமல்லி என்பார். துபாயில் கேட்டால் சென்னை என்பார். சென்னீர்குப்பம் என்று சொன்னால் கேட்கிறவருக்குப் புரியாதே என்ற மரியாதைதான். அந்த ஐரிஷ் பையன்களும் இதையே செய்தார்கள். ஆள்சேர்ப்பு சார்ஜென்டிடம் கார்க் என்றார்கள். சென்னைக்கு வந்து மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அதையே சொன்னார்கள். வீட்டுக் கதையில் இப்போதும் கார்க் என்று இருக்கிறது. அது நகரமா, கவுன்டியா? கார்க் கவுன்டி அயர்லாந்தின் 32 கவுன்டிகளில் ஆகப் பெரியது. உள்ளே ஏராளமான பாரிஷ்கள், அதாவது பங்குகள். ஒவ்வொரு பாரிஷிலும் பல டவுன்லேண்டுகள். டவுன்லேண்ட் என்றால் பெரிய ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். அதுதான் அங்கே ஆகச் சிறிய நிலப்பிரிவு, சில வீடுகளும் வயல்களும் சேர்ந்த குக்கிராமம். அயர்லாந்து முழுக்க அப்படி 60,000-க்கும் மேல் உண்டு. தேடுகிற ஆள் பிறந்தது அவற்றில் ஒன்றில். பாரிஷ் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டவுன்லேண்ட் தெரிந்தால் டிக்கெட் எடுக்கலாம்.

தேடல் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். நேராக 1830-க்குத் தாவி, அதே குடும்பப் பெயர் உள்ள ஒரு சிப்பாயைப் பிடித்து 'இவர்தான் எங்கள் தாத்தா' என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் நடக்கும் பெரிய அநியாயம். மர்ஃபி, சல்லிவன், ரயன் என்ற பெயர்களில் ஒவ்வொரு ரெஜிமென்டிலும் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களின் பெற்றோரின் ஞானஸ்நானப் பதிவு என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஒரு படி கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று தேட வேண்டும்.

படிகள் பெரும்பாலும் தண்டவாளத்தின் மேலேயே போகும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. சிப்பாய்களின் மகன்களும் பேரன்களும் ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் சேர்ந்தார்கள். பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை என்று திருமணப் பதிவுகள் அந்த வழியிலேயே கிடைத்துக்கொண்டு போகும். அவற்றில் அப்பாவின் பெயர் இருக்கும். அங்கிருந்து இன்னொரு படி இறங்கினால் ராணுவம் வந்துவிடும்: பரங்கிமலை, பல்லாவரம், பூந்தமல்லி, திருப்பாச்சூர். திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் திருப்பாச்சூரைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1781 ஆகஸ்டில் அயர் கூட் பிடித்த கோட்டை அங்கே இருந்தது. பின்னாளில் ஓய்வூதியம் பெற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் குடும்பத்தோடு குடியிருந்த இடம் அது. ஆங்கிலப் பதிவுகளில் அதன் பெயர் டிரிபசூர். ஞானஸ்நானப் பதிவில் அந்தப் பெயரைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஆள் பென்ஷன் வாங்கியவர். எனவே அவருக்குப் பென்ஷன் காகிதம் இருக்கும்.

ஒரு ஞானஸ்நானப் பதிவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீளமான பக்கம், கட்டம் போட்ட வரிகள். ஞானஸ்நான நாள், பிறந்த நாள், குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், தகப்பனாரின் தொழில், சடங்கு செய்த குருவின் கையெழுத்து. வீட்டுக்காரர்கள் முதலில் குழந்தையின் பெயரைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது தொழில் கட்டத்தை. அங்கே 'பிரைவேட்' என்ற பதவியும் அதற்குப் பக்கத்தில் ரெஜிமென்டின் எண்ணும் இருக்கும். எண்தான் சாவி. அவர் கம்பெனியின் படையா, அரசாங்கத்தின் படையா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் காகிதங்கள் இருக்குமிடம் வேறு. கம்பெனிச் சிப்பாய் என்றால் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்ப் பதிவேடுகள். அரசாங்கப் படை என்றால் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே செல்சீ பென்ஷன்காரர்கள் எனப்படும் ஓய்வூதியச் சிப்பாய்களின் விடுவிப்புப் பத்திரங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் லண்டன் போக வேண்டியதில்லை. சென்னை மாகாணத்துக் குருமார்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1698-லிருந்தே அந்த நகல்கள் உண்டு. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் சந்தா கட்டிப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் இலவசம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே 1998-ல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற சங்கத்தின் பட்டியல்களும் இலவசம். கல்லறை வாசகங்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைப் பட்டியல் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லண்டனுக்கு அனுப்பிய நகல்களில் கத்தோலிக்கப் பதிவுகள் முழுமையாக இல்லை. ஐரிஷ் சிப்பாய்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆகவே உள்ளூர்க் கோயிலின் மூலப் பதிவேட்டைப் பார்க்காமல் 'பதிவு இல்லை' என்று யாரும் சொல்லக்கூடாது. 1841 முதல் 1868 வரை சென்னைக் கத்தோலிக்கத் திருச்சபையை நடத்திய பிஷப் ஜான் ஃபென்னலி ஐரிஷ்காரர். அவருக்குப் பின் வந்தவர் அவருடைய தம்பி ஸ்டீஃபன் ஃபென்னலி. 1842-ல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர்கள் வந்து ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினார்கள். ஐரிஷ் சிப்பாயின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களிலும் பாடம் சொன்னவர்களிலும் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள்.

கோயிலுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. பங்குத் தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது, திருமண சீசனிலும் போகக்கூடாது. எந்த வருடம், எந்தப் பெயர் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் இருப்பவர் தேடித் தருவார். பதிவேட்டைக் கையில் கொடுத்தால் பக்கத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துப் புரட்ட வேண்டும். அந்தக் காலத்து இரும்புச் சத்து மை காகிதத்தையே அரித்திருக்கும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை இருக்கும். ஃபிளாஷ் போடக்கூடாது. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் படித்தால் மங்கிப்போன பேனாத் தடமும் தெரியும்.

இனி 1922-க்கு வர வேண்டும். அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அந்த வருடம் ஜூன் 30 அன்று, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயிற்று. உயில்கள் போயின. அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகளில் பெரும்பகுதி போயிற்று. 1861 முதல் 1891 வரையிலான கணக்குகளை அரசாங்கமே அதற்கு முன்பே அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியிருக்கும் பழைய கணக்குகள் 1901-ம் 1911-ம் தான்.

அதே 1922 ஜூன் 12-ம் தேதி விண்ட்சர் கோட்டையில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் கொடிகளை மன்னரிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் படையின் முதல் பட்டாலியன் பிறந்தது சென்னையில். 1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்திய மெட்ராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட்தான் பின்னர் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 102-வது படை ஆகி, 1881-ல் டப்ளின் பெயரைப் பெற்றது. படையும் கலைந்தது, ஆவணமும் எரிந்தது, ஒரே கோடையில்.

ஆனால் அந்தப் படையின் காகிதங்கள் டப்ளினில் இல்லாததால் தப்பின. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. அயர்லாந்தின் மேற்கு, தெற்குப் பகுதிகளில் பல கத்தோலிக்கப் பாரிஷ்களில் பதிவேடு எழுதத் தொடங்கியதே 1820-களிலோ அதற்குப் பின்னரோதான். 1810-ல் அங்கே பிறந்த ஒரு கூலிக்காரரின் மகனுக்கு அயர்லாந்தில் எந்தக் காகிதமும் இல்லாமல் இருக்கலாம். அவர் படையில் சேர்ந்ததால்தான் அவருக்குப் பிறந்த ஊர் எழுத்தில் கிடைத்தது. அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளின் சந்ததி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்துகொண்டு இதே ஊரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். சென்னைக் காகிதம் அவர்களுக்கும் பதில்.

அம்பத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தேடலைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். "ஊர்ப் பேரு ஏதாவது சொல்லுவாங்களா ஆன்ட்டி, உங்க பாட்டி?" என்று கேட்டேன். "கார்க்னுதான்பா சொல்லுவாங்க. கார்க்குக்குப் பக்கத்துல கடல் இருக்கும்னு சொல்லுவாங்க" என்றார். கடலைக் குறித்துக்கொண்டேன். பெரம்பூர்த் திருமணத்திலிருந்து அரக்கோணம், அங்கிருந்து திருப்பாச்சூர் என்று போனோம். திருப்பாச்சூர் ஞானஸ்நானத்தில் ரெஜிமென்ட் எண் இருந்தது. அரசாங்கப் படை. கியூ காப்பகத்தின் விடுவிப்புப் பத்திரங்களில் அவர் கிடைத்தார்.

அந்தப் பத்திரம் நாலு பக்கம். பிறந்த பாரிஷ், அதற்கு அருகில் உள்ள நகரம், கவுன்டி என்று மூன்றுக்கும் தனித்தனியாக இடம் விட்டு அச்சடித்திருப்பார்கள். நகரம் என்ற இடத்தில் ஸ்கிபரீன். கவுன்டி கார்க். பாரிஷின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். தொழில்: கூலி. படையில் சேர்ந்த வயது, உயரம், தலைமுடியின் நிறம், கண்ணின் நிறம். எத்தனை வருடம் இந்தியாவில் இருந்தார், ஏன் விடுவிக்கப்பட்டார் என்பதற்கு மருத்துவரின் குறிப்பு. இனி எங்கே வசிக்கப் போகிறார் என்பதற்கு மெட்ராஸ். கீழே அவருடைய கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆன்ட்டி கண்களின் நிறத்தைப் படித்ததும் தன் தங்கையின் பெயரைச் சொன்னார். வீட்டில் அவருக்கு மட்டும் அந்தக் கண்களாம். தாத்தாவுக்குத் தாத்தாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் குடும்பத்துக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

பாரிஷ் கிடைத்ததும் கிரிஃபித் மதிப்பீட்டுக்குப் போனோம். 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுக்க யார் யார் எந்த நிலத்தை, யாரிடமிருந்து குத்தகைக்கு வைத்திருந்தார்கள் என்று எழுதிய வரிப் பட்டியல் அது. மக்கள்தொகைக் கணக்கு எரிந்துபோன நாட்டில் இதுதான் ஊன்றுகோல். ஒவ்வொரு வீட்டுக்கும் எண், அந்த எண் வரைபடத்திலும் இருக்கும். இணையத்தில் இலவசம். அந்தப் பாரிஷில் ஆன்ட்டியின் குடும்பப் பெயர் மூன்று டவுன்லேண்டுகளில் மட்டும் இருந்தது. மூன்றும் கடலுக்குப் பக்கம். அதற்குமேல் காகிதம் பேசவில்லை. மூன்றில் எது என்று நான் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆன்ட்டியின் மகள் மூன்றுக்கும் போனார்.

ஸ்கிபரீன் 1845-க்குப் பின் வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட இடம். ஊருக்கு வெளியே ஆபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்தில் 8,000 முதல் 10,000 பேர் வரை பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். ஊரில் இருக்கும் மரபு மையம் அந்தப் பகுதிக் கல்லறைப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. குடும்பம் தேடி வருகிறவர்களுக்கு உட்கார்ந்து உதவுகிறது. சின்ன ஊர்களின் இப்படிப்பட்ட மையங்களில் கிடைக்கும் உதவி தலைநகரத்தில்கூடக் கிடைக்காது என்பது என் கருத்து.

இப்போது எனக்கு மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஐரிஷ் தாத்தாவைத் தேடுகிறார்கள். அதே பதிவில், அதே வரியில், ஒரு பாட்டி இருக்கிறாள். அவளை யாரும் கேட்பதில்லை. 1687-லேயே கம்பெனியின் இயக்குநர்கள் சென்னைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்து, பிறக்கும் குழந்தையின் ஞானஸ்நானத்தில் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் கொடுக்கச் சொல்லி எழுதினார்கள். அப்படித்தான் இந்தச் சமூகம் உருவாயிற்று. ஆனால் பதிவில் அந்தத் தாய்க்குப் பெரும்பாலும் மேரி, ஆன் என்ற ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. பல இடங்களில் பெயரே இல்லை. உள்ளூர்ப் பெண் என்று ஒரு குறிப்பு. கடல் தாண்டி வந்தவருக்கு உயரமும் கண் நிறமும் எழுதிவைத்த எழுத்தர், இரண்டு தெரு தள்ளி இருந்தவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவள் பூந்தமல்லிக்காரியாக இருக்கலாம், பரங்கிமலையாக இருக்கலாம். அந்தக் குடும்பம் இந்த மண்ணில் நிலைத்தது அவளால்தான்.

அவளைத் தேடுவதற்கும் சில வழிகள் உண்டு. திருமணச் சாட்சிகளின் பெயர்களைப் பார்க்க வேண்டும். அங்கே அவளுடைய உறவினர் ஒளிந்திருக்கலாம். ஞானத்தாயின் பெயரைப் பார்க்க வேண்டும். கணவர் இறந்த பிறகு அவள் மறுமணம் செய்திருந்தால் அந்தப் பதிவில் கூடுதலாக ஏதாவது இருக்கும். சிப்பாய் உயில் எழுதியிருந்தால் அதில் அவள் பெயர் வரலாம். கிடைப்பது கொஞ்சம்தான். ஆனாலும் வம்சாவளிப் படத்தில் அவளுக்கு ஒரு பெட்டி போடாமல் நான் யாருக்கும் வேலையை முடித்துக் கொடுப்பதில்லை.

கசப்பான பக்கமும் இருக்கிறது. மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 1857 கிளர்ச்சியின்போது தளபதி நீல் தலைமையில் வடக்கே போய் அலகாபாத்தில் செய்த கொடுமைகள் வரலாற்றில் இருக்கின்றன. அந்த நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-ல் அதை எதிர்த்து சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி அரசு அதை அகற்றி மியூசியத்துக்கு அனுப்பியது. முன்னோர் அந்தப் படையில் அந்த வருடத்தில் இருந்தார் என்று தெரிந்தால் அதையும் எழுதித்தான் கொடுக்கிறேன். பட்டினியால் வந்த பையன்தான். துப்பாக்கி பிடித்தவனும் அவன்தான். இரண்டும் உண்மை.

பயண ஏற்பாட்டுக்கு வருவோம். வயதானவர்கள் பலர் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறார்கள். தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்தில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்து ஐரிஷ் குடியுரிமை கோரலாம். அதற்கும் முந்தைய தலைமுறை என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் பெற்றோர் அதில் பதிந்திருக்க வேண்டும். சென்னைக் குடும்பங்களுக்கு ஐரிஷ் முன்னோர் ஐந்தாறு தலைமுறை பின்னால் இருக்கிறார். ஆகவே அந்த வழி இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதற்குப் பிரிட்டிஷ் விசா வேண்டும். டொனிகலிலிருந்து டெர்ரிக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடி கிடையாது. அதனால் தேவையில்லை என்று நினைத்துப் போய்விடக்கூடாது, சட்டப்படி அது வேறு நாடு. இந்தியர்களுக்குப் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் இருக்கிறது. அந்தக் குறிப்போடு விசா கிடைத்தால் ஒரே விசாவில் இரண்டுக்கும் போகலாம். லண்டனில் ஆவணம் பார்க்க நினைப்பவர்களுக்கும் அது உதவும். விண்ணப்பிக்கும்போதே அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். வெளிச்சம் நீண்ட நேரம் இருக்கும். மழை எந்த மாதத்திலும் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் டப்ளின் போதும். கில்டேர் தெருவில் தேசிய நூலகம். அங்கே குடும்ப வரலாற்று ஆலோசகர்கள் இலவசமாக வழிகாட்டுவார்கள். அந்த நூலகத்தின் கத்தோலிக்கப் பாரிஷ் பதிவேடுகள் 2015 முதல் இணையத்திலேயே இருக்கின்றன. அவற்றை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். 1864 முதலான பழைய பிறப்புப் பதிவுகளும் அரசின் தளத்தில் இலவசம். பிஷப் தெருவில் தேசிய ஆவணக் காப்பகம். எரிந்துபோனவற்றின் நகல்களை உலகெங்கும் தேடிச் சேர்த்து 2022-ல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலத்திலும் உங்கள் பாரிஷின் பெயரைப் போட்டுப் பாருங்கள். மீதி நாட்களைப் பாரிஷுக்கு வையுங்கள். கிராமங்களுக்கு பஸ் குறைவு, கார் தேவைப்படும். சாலையில் நம்மைப் போலவே இடது பக்கம்தான்.

அங்கே எதைப் பார்ப்பது? கல்லறையில் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏழைகளுக்குக் கல் வைக்கவில்லை. இப்போதுள்ள கத்தோலிக்கக் கோயில்களில் பல 1829-ல் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கிடைத்த பின் கட்டியவை. உங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற கூரைக் கோயில் போய்விட்டிருக்கும். நிலம் மட்டும் மாறாது. கிரிஃபித் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போனால், அந்த எண் குறித்த வயலின் வேலிக் கற்சுவர் இன்னும் அதே வளைவில் இருக்கும். வயலுக்குள் இறங்குமுன் சொந்தக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் தேநீர் கிடைக்கும். அக்கம்பக்கத்தில் அந்தக் குடும்பப் பெயரோடு யார் இருக்கிறார்கள் என்ற தகவலும் கிடைக்கும்.

இப்போது எல்லோரும் எச்சில் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அதில் வரும் சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஊர்ப்பெயரைச் சொல்லாது. ஆனால் பொருந்தும் உறவினர்களின் பட்டியல் பயன்படும். ஆன்ட்டியின் மகளுக்குப் பாஸ்டனில் ஒருவர் அப்படித்தான் கிடைத்தார்.

வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கு நான் போடும் பயணத்திட்டத்தில் முதல் நாள் எப்போதும் இங்கேதான். காலையில் கோட்டைக்குள் 1680-ல் கட்டி முடித்த செயின்ட் மேரீஸ் கோயில், பிறகு பரங்கிமலை, பிற்பகலில் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகவே பூந்தமல்லி, முடிந்தால் திருப்பாச்சூர். அவர்கள் தேடும் சிப்பாய் அயர்லாந்தில் 18 வருடம் இருந்தார். மீதி வாழ்நாள் முழுவதும் இந்தச் சாலையில்தான் நடந்தார். அவருடைய உடலும் இங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கிற ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பிறப்பு, இறப்புக் குறிப்புகளை இந்த வாரமே போட்டோ எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். எழுபது வயது தாண்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து, ஊர்ப் பெயர்களையும் பெண்களின் பிறந்தவீட்டுப் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். கல்லறைக் கல் இருந்தால் எழுத்து தேய்வதற்குள் வாசகத்தை நகலெடுங்கள். கம்பித் தூரிகையும் ஆசிடும் வேண்டாம், தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பங்குத் தந்தையர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1900-க்கு முந்தைய பதிவேடுகளைச் சான்றிதழ் கொடுக்கும் மேசையிலிருந்து எடுத்து, நகல் செய்து, மூலத்தைப் பூட்டி வையுங்கள். பல குடும்பங்களுக்கு அயர்லாந்து என்பது இப்போது அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது.